ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்றால் என்ன? பெயர் எழுதப்படாதவர்களின் அறிவியல் புனைகதை

1860-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்களை இன்று இணையத்திலேயே பார்க்கலாம். அடிமைமுறை நடப்பில் இருந்த மாநிலங்களுக்கென்று அதில் தனிப் படிவம் ஒன்று உண்டு. இடது ஓரத்தில் முதலாளியின் பெயர். பக்கத்தில் வரிசையாக வரிகள். பெரும்பாலும் வரிக்கு ஓர் ஆள். வயது 36, ஆண், கறுப்பு. வயது 30, பெண், கறுப்பு. வயது 8, பெண், கலப்பு நிறம். இப்படியே பக்கம் பக்கமாகப் போகும். தப்பி ஓடியவரா, காது கேளாதவரா, பார்வையற்றவரா என்று குறிக்கக் கட்டங்கள் இருக்கின்றன. அந்த ஆளின் பெயரை எழுதக் கட்டம் இல்லை.

1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன்பின் 1870-இல் எடுத்த கணக்கெடுப்பில்தான் அந்த மக்களில் பெரும்பாலோர் முதல்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். இன்று அமெரிக்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போனால், 1870-க்கு வந்ததும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். குடும்ப வரலாறு தேடுபவர்கள் இதை '1870 சுவர்' என்றே சொல்கிறார்கள். பாட்டியின் பாட்டிக்கு எந்த ஊர், அவள் என்ன மொழி பேசினாள், அவளை அவள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பதற்கெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் விடை கிடைக்காது. விற்பனைச் சீட்டு, உயில், சொத்துக் கணக்கு ஆகியவைதான் கிடைக்கும்.

அறிவியல் புனைகதை பற்றிய கட்டுரையை இங்கே தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. "ராக்கெட்டும் வேற்றுக்கிரகமும் வரும் கதையில் எதற்கு இனம், நிறமெல்லாம்?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். தன் முன்னோர் யார் என்பதே ஏட்டில் இல்லாத ஒருவர், 'நான் யார்' என்று கேட்டுக்கொண்டால் பாதி விடையைக் கற்பனை செய்துதான் ஆகவேண்டும். காலப்பயணமும் வேற்றுலகமும் அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமாக இருக்க முடியாது. ஆப்பிரிக்க-அமெரிக்க எழுத்தாளர்களின் அறிவியல் புனைகதைகளைப் படிக்கத் தொடங்கும் எவரும் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

பெயர் வந்த கதை

கறுப்பின மக்களின் வரலாற்றையும் அனுபவத்தையும் மையமாக வைத்து எதிர்காலத்தையும் வேற்றுலகையும் கற்பனை செய்யும் எழுத்தும் கலையும்தான் 'ஆஃப்ரோஃபியூச்சரிசம்'. இந்தச் சொல்லை 1993-இல் உருவாக்கியவர் மார்க் டெரி என்ற அமெரிக்க விமர்சகர். அவர் வெள்ளையர். நாவலாசிரியர் சாமுவேல் டிலேனி, இசை விமர்சகர் கிரெக் டேட், ஆய்வாளர் ட்ரிஷா ரோஸ் ஆகிய மூன்று கறுப்பினச் சிந்தனையாளர்களிடம் பேட்டி எடுத்து, அதற்கு ஒரு முன்னுரையும் எழுதினார். முன்னுரையில் அவர் இரண்டு கேள்விகளை வைக்கிறார். அந்நியரைச் சந்திப்பதே அறிவியல் புனைகதையின் மையமாக இருக்க, சொந்த நாட்டிலேயே அந்நியராக வாழ நேர்ந்த கறுப்பின மக்கள் ஏன் இந்த வகையில் இத்தனை குறைவாக எழுதுகிறார்கள்? கடந்த காலம் திட்டமிட்டு அழிக்கப்பட்ட ஒரு சமூகத்தால் எதிர்காலத்தைக் கற்பனை செய்ய முடியுமா?

அதே முன்னுரையில் ஒரு உவமையும் சொல்கிறார். ஆப்பிரிக்க-அமெரிக்கர்கள் வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டவர்களின் வாரிசுகள் என்பது அது. முதல் முறை படிக்கும்போது மிகையாகத் தோன்றும். ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். கரையில் இதுவரை பார்த்திராத பெரிய கலம் ஒன்று வந்து நிற்கிறது. வேற்று நிறமும் வேற்று மொழியும் கொண்டவர்கள் இறங்கி ஆட்களைப் பிடிக்கிறார்கள். பல வாரப் பயணத்துக்குப் பிறகு, பெயர் தெரியாத மண்ணில் இறக்குகிறார்கள். பழைய பெயர் போகிறது, பழைய மொழியில் பேசினால் அடி விழுகிறது. அட்லாண்டிக் கடல் வழியாக இப்படிக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். அவர்களில் நேரடியாக வட அமெரிக்காவில் இறங்கியவர்கள் ஏறக்குறைய 4 லட்சம்.

வேற்றுக்கிரகக் கதைகளில் மேசையில் படுக்கவைத்து உடலை அறுத்து ஆராய்வார்களே, அதுவும் நடந்தது. 1840-களில் அலபாமாவில் மரியான் சிம்ஸ் என்ற மருத்துவர், அடிமைப் பெண்கள்மீது மயக்க மருந்து கொடுக்காமலே திரும்பத் திரும்ப அறுவை செய்து தன் சிகிச்சை முறையைக் கண்டுபிடித்தார். அனார்கா, பெட்ஸி, லூசி என்று மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். பிறகு 1932 முதல் 1972 வரை, அதே அலபாமாவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. மற்ற எழுத்தாளர்கள் பயமுறுத்துவதற்காகக் கற்பனை செய்த காட்சிகள், இவர்களுக்குக் குடும்ப நினைவு.

சொல் பிறந்தது 1993-இல் என்றாலும் எழுத்து அதற்கு மிக முந்தியது. மார்ட்டின் டிலேனி என்பவர் 1859-இலேயே, தென் மாநிலங்களிலும் கியூபாவிலும் அடிமைகள் ஒன்றுசேர்ந்து எழுவதற்குத் திட்டமிடும் நாவலைத் தொடராக எழுதத் தொடங்கினார். பாலின் ஹாப்கின்ஸ் 1902-இல் எத்தியோப்பியாவில் மறைந்து கிடக்கும் ஒரு பழம்பெரும் நகரத்தைக் கற்பனை செய்தார். 'பிளாக் பாந்தர்' படத்தில் வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டைப் பார்த்து வியந்தவர்கள் அதன் மூத்த சகோதரியை இவரிடம் காணலாம்.

ஒரு வால்மீனும் ஒரு சாப்பாட்டு மேசையும்

முன்னோடிகளில் நான் நின்று பேச விரும்புவது டபிள்யூ. இ. பி. டு பாய்ஸிடம். சமூகவியல் அறிஞர், உரிமைப் போராளி. 1946-இல் அம்பேத்கர் இவருக்குக் கடிதம் எழுதி, இந்தியாவின் தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். இவரும் பதில் எழுதினார். நம்மில் பலருக்கு டு பாய்ஸ் அந்த வழியில்தான் அறிமுகம். அவர் கதையும் எழுதினார் என்பது அவ்வளவாகத் தெரியாது.

1920-இல் வந்த 'தி காமெட்' என்ற சிறுகதையில், ஜிம் என்ற கறுப்பின இளைஞன் நியூயார்க் வங்கி ஒன்றில் கடைநிலை ஊழியன். நிலத்தடிப் பெட்டக அறைக்குப் போய்ப் பழைய ஏடுகளை எடுத்துவரச் சொல்கிறார்கள். ஆபத்தான வேலை, அதனால்தான் அவனுக்கு வருகிறது. அவன் கீழே இருக்கும் நேரத்தில் ஒரு வால்மீன் நகரத்தைக் கடக்கிறது. அதன் நச்சுக்காற்றில் மேலே எல்லோரும் செத்துப்போகிறார்கள். வெளியே வந்த ஜிம், பிணங்களைத் தாண்டித் தாண்டி நடக்கிறான். பசிக்கிறது. பணக்காரர்கள் சாப்பிடும் ஒரு உணவகத்துக்குள் நுழைந்து உணவை எடுத்து வாயில் திணித்துக்கொள்கிறான். அப்போது தனக்குள் முணுமுணுக்கிறான்: நேற்று என்றால் எனக்கு இங்கே பரிமாறியிருக்க மாட்டார்கள்.

இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கதையைப் படிக்கலாம். உலகமே அழிந்து கிடக்கிறது. அவன் மனசு முதலில் போய் நிற்பது அந்த மேசையில். ஒரு மனிதன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட, முதலில் அந்த நகரம் சாக வேண்டியிருக்கிறது.

பிறகு அவன் ஜூலியா என்ற பணக்கார வெள்ளைப் பெண்ணைச் சந்திக்கிறான். உலகில் மிஞ்சியது நாம் இருவர்தான் என்று இருவரும் நம்பும் சிறு பொழுதில், அவர்களுக்கிடையே இருந்த நிறம் கரைந்துபோகிறது. உடனே கார் ஹாரன் சத்தம். ஜூலியாவின் அப்பா வந்துவிடுகிறார். செத்தது நியூயார்க் மட்டும்தான், மற்ற உலகம் அப்படியே இருக்கிறது. கூடிய கூட்டத்தில் ஒருவன் ஜிம்மைத் தூக்கில் போட வேண்டும் என்கிறான். ஜூலியாவின் அப்பா ஜிம்மின் கையில் கொஞ்சம் பணத்தைத் திணிக்கிறார். ஜூலியா திரும்பிப் பார்க்கவில்லை. ஜிம்மின் மனைவி, இறந்த குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறாள்.

தன்னையே எப்போதும் அடுத்தவர் கண்ணால் பார்த்துக்கொள்ளும் நிலையை 'இரட்டை உணர்வு' என்று 1897-இலேயே டு பாய்ஸ் பெயரிட்டிருந்தார். அமெரிக்கர் என்ற உணர்வும் கறுப்பினத்தவர் என்ற உணர்வும் ஒரே உடலுக்குள் இழுபடுவது. வால்மீன் கதையில் அதைச் சோதனைக்குழாயில் போட்டுப் பார்க்கிறார்: பார்க்கும் கண்கள் எல்லாம் மூடிவிட்டால் இந்த மனிதன் யார்? சில மணி நேரம் மட்டும் விடை தெரிகிறது.

1931-இல் ஜார்ஜ் ஸ்கைலர் இன்னொரு சோதனை செய்தார். அவருடைய நாவலில் ஒரு மருத்துவர் கறுப்பினத்தவரை வெள்ளையராக்கும் இயந்திரம் கண்டுபிடிக்கிறார்; கட்டணம் 50 டாலர். ஏறக்குறைய எல்லோரும் மாறிவிடுகிறார்கள். கடைசியில், மாறியவர்களின் தோல் அசல் வெள்ளையரைவிடக் கொஞ்சம் அதிகம் வெளுத்திருப்பது தெரியவருகிறது. உடனே வெளுப்பே இழிவாகிவிட, மக்கள் தோலைக் கறுக்கவைக்க ஓடுகிறார்கள்.

வாசகர் ஏற்க மாட்டார்களா?

1920-களின் பின்பாதி தொடங்கி அமெரிக்காவில் அறிவியல் புனைகதை என்பது மலிவு விலை இதழ்களில் வளர்ந்தது. நட்சத்திரங்களுக்குப் போகும் வீரர்கள் அங்கே பெரும்பாலும் வெள்ளையர்களே. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எப்படி நடந்தது என்பதற்கு, டெரி பேட்டி எடுத்த நாவலாசிரியர் டிலேனி ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார்.

சாமுவேல் டிலேனி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1942-இல் பிறந்தவர். முதல் நாவல் வெளிவந்தபோது வயது 20. 1968-இல் வெளிவந்த 'நோவா' நாவலின் நாயகன் லார்க் வான் ரே, செனகல் நாட்டு வேர் கொண்ட தாய்க்கும் நார்வே வேர் கொண்ட தந்தைக்கும் பிறந்த விண்கலத் தலைவன். அந்தக் காலத்தில் துறையையே கையில் வைத்திருந்த இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல்லுக்கு இதைத் தொடராக வெளியிடக் கேட்டு அனுப்பினார்கள். கேம்ப்பெல் டிலேனியின் முகவரைத் தொலைபேசியில் அழைத்தார். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்பின நாயகனோடு என் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

நாவல் நடப்பது 32-ஆம் நூற்றாண்டில். அத்தனை நூற்றாண்டுகள் கடந்தும், விண்மீன்களுக்கிடையே கப்பல் ஓட்டும் காலத்திலும், கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராக இருப்பதுதான் நம்பமுடியாத விஷயமாக இருந்திருக்கிறது. எதிர்காலக் கதையில் உங்களைப் போன்ற ஒருவர்கூட இல்லை என்றால், அந்தக் காலம் வரை உங்கள் இனம் தப்பிப் பிழைக்கவில்லை என்றுதானே பொருள்?

இதனால்தான் 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில் உஹுரா பாத்திரம் அத்தனை முக்கியமானது. நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ். முதல் ஆண்டு முடிந்ததும் விலக நினைத்தவரை, போகாதீர்கள் என்று மார்ட்டின் லூதர் கிங் தடுத்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1970-களின் பிற்பகுதியில் நாசாவுக்குப் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்கும் பணியிலும் நிக்கோல்ஸ் இறங்கினார். சிறுமியாக உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

பின்வாசல் வழியாக வந்த எழுத்தாளர்

இந்தத் துறையில் ஒரே ஒருவரைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் ஆக்டேவியா பட்லரைப் படியுங்கள். 1947-இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தார். அப்பா ஷூ பாலிஷ் போடுபவர், சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தார். சிறுமி பட்லர் அம்மாவோடு போகும்போது, பின்வாசல் வழியாக மட்டுமே வீட்டுக்குள் நுழைவதையும், அம்மா காதில் விழும்படியே அவரைப் பற்றி முதலாளிகள் பேசுவதையும் பார்த்தார். பட்லருக்கு அந்த வயதில் கோபம் வந்தது முதலாளிகள்மீது மட்டுமல்ல, பதில் பேசாத அம்மாமீதும்தான்.

பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சியில் ஒரு மோசமான செவ்வாய்க்கிரகப் படத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாக என்னாலேயே எழுத முடியும் என்று உட்கார்ந்தவர் அவர். பாத்திரம் கழுவியும் தொழிற்சாலையில் சிப்ஸ் தரம் பார்த்தும் பிழைத்தார். விடியற்காலை 2 மணிக்கு எழுந்து எழுதினார்.

கல்லூரியில் கூடப் படித்த ஒரு கறுப்பின இளைஞன் ஒருநாள் சொன்னானாம்: நம்மை இத்தனை காலம் பின்னுக்கு இழுத்த பெரியவர்களையெல்லாம் கொன்றுவிட ஆசை, ஆனால் முதலில் என் அப்பா அம்மாவிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு பட்லரை விடவில்லை. அவனுக்கு வரலாறு தெரிந்திருந்தது, ஆனால் உறைக்கவில்லை. பணிந்துபோன பெரியவர்கள் உயிரோடு இருந்ததால்தான் இவன் பிறந்தான் என்பதை உடம்பில் உணரவைக்க வேண்டும் என்று நினைத்தார். இன்றைய மனிதர் ஒருவரை அடிமைக் காலத்துக்கே அனுப்பினால் என்ன? முதலில் நாயகனாக ஓர் ஆணை வைத்து எழுதிப் பார்த்தார். நிமிர்ந்து பார்க்கும் கறுப்பின ஆணை அந்தக் காலம் சில நாள்கூட உயிரோடு விட்டுவைக்காது என்று புரிந்ததும் நாயகியாக மாற்றினார்.

அப்படி வந்த நாவல் 'கிண்ட்ரெட்', 1979. ஆராய்ச்சிக்காகப் பேருந்து ஏறி மேரிலாந்துக்குப் போன பட்லர், அருகே வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீட்டையும் பார்த்தார். அங்கே வழிகாட்டிகள் அடிமைகளைப் பற்றிப் பேசும்போது 'வேலைக்காரர்கள்' என்றே சொன்னார்களாம்.

கதை இது. 1976 ஜூன் மாதம், தன் 26-ஆவது பிறந்தநாளன்று டேனா என்ற கறுப்பின எழுத்தாளர் கலிபோர்னியாவில் புது வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கூட இருப்பவர் வெள்ளைக்காரக் கணவர் கெவின். தலை சுற்றுகிறது. கண் திறந்தால் ஓர் ஆறு. நடுவில் செம்பட்டை முடிப் பையன் ஒருவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். குதித்துக் காப்பாற்றுகிறாள். நிமிர்ந்தால் முகத்துக்கு நேரே பையனின் அப்பாவுடைய துப்பாக்கி. அந்த மரண பயத்தில் மறுபடி வீட்டில் வந்து விழுகிறாள்.

அவள் போன இடம் 19-ஆம் நூற்றாண்டு மேரிலாந்து. பையன் பெயர் ரூஃபஸ், அடிமைகளை வைத்திருக்கும் குடும்பத்தின் ஒரே மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் டேனா இழுக்கப்படுகிறாள். ஏன் என்பதும் கொஞ்ச நேரத்தில் தெரிகிறது. அவள் வீட்டுப் பழைய பைபிளில் குடும்பப் பெயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் மிகப் பழைய பெயர் ஹேகர். அந்த ஹேகரின் தகப்பன் இந்த ரூஃபஸ்தான். அவன் வெள்ளையன் என்ற செய்தி மட்டும் எப்படியோ வழியில் தொலைந்துபோயிருக்கிறது. தாய், ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண். ரூஃபஸ் பெரியவனாகி, சுதந்திரமாக இருந்த ஆலிஸை அடிமையாக விலைக்கு வாங்குகிறான். அவளை என்னிடம் வரச் சொல்லி நீயே பேசு, இல்லாவிட்டால் அடித்துப் பணியவைப்பேன் என்று டேனாவிடம் சொல்கிறான். ஹேகர் பிறந்தால்தான் டேனா பிறப்பாள்.

இந்த இடத்தில்தான் பட்லரின் மேதைமை. 'உன் முன்னோர் யார்' என்ற கேள்விக்கு அவர் தரும் விடையில் பெருமைப்படவும் முடியாது, மறுத்து ஒதுக்கவும் முடியாது. அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே ரத்தத்தில் இருக்கிறார்கள். நாவலில் காலப்பயணத்துக்கு இயந்திரம் கிடையாது, விஞ்ஞான விளக்கம் கிடையாது. பட்லர் இதை அறிவியல் புனைகதை என்று சொல்லவும் ஒப்பவில்லை, 'இருண்ட மிகுபுனைவு' என்ற பொருளில்தான் குறிப்பிட்டார். விளக்கம் தேவைப்படவும் இல்லை. இழுப்பது ரத்தம்.

1976 ஜூலை 4 அன்று டேனா கடைசியாகத் திரும்புகிறாள். அமெரிக்கா தன் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டைக் கொண்டாடிய அதே நாள். ரூஃபஸ் சாகும்போது பிடித்திருந்த அவளுடைய இடக்கை, பிடி விழுந்த இடத்திலிருந்து வீட்டுச் சுவரோடு ஒன்றிப்போகிறது. கையை இழந்துதான் மீள்கிறாள். அடிமைமுறை யாரையும் முழுசாக விட்டுவைக்கவில்லை, அதனால் அவளை முழுசாகத் திரும்பிவர விடமுடியவில்லை என்று பட்லர் பேட்டியில் விளக்கியிருக்கிறார்.

எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்தது நாவலின் முடிவுரை. டேனாவும் கெவினும் நிகழ்காலத்து மேரிலாந்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைத் தேடுகிறார்கள். பண்ணை அடிமைகள் விற்பனைக்கு என்ற அறிவிப்பு கிடைக்கிறது. தன்னோடு சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், சண்டை போட்டவர்கள் அங்கே வெறும் முதற்பெயரும் உத்தேச வயதும் தெரிந்த தொழிலுமாக வரிசையில் இருக்கிறார்கள். சிலர் பெயர் பட்டியலில் இல்லை. அவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. நாவல் முழுக்க அவர்களின் குரலைக் கேட்டுவிட்டு அந்தப் பட்டியலுக்கு வந்து நிற்கும்போது, முதலில் சொன்ன கணக்கெடுப்புத் தாளின் ஒவ்வொரு வரியும் வேறாகத் தெரியத் தொடங்கும்.

பட்லர் முன்னோக்கியும் எழுதினார். 1993-இல் வெளிவந்த 'பேரபிள் ஆஃப் த சோவர்' 2024-இல் தொடங்கும் நாட்குறிப்பு. வெப்பமேறிய கலிபோர்னியா, தண்ணீர்ப் பஞ்சம், மதில் கட்டிக்கொண்டு வாழும் தெருக்கள். அடுத்தவர் வலியைத் தன் உடலில் உணரும் லாரன் என்ற கறுப்பினச் சிறுமி அதை எழுதுகிறாள். 2025 பிப்ரவரி 1 தேதியிட்ட பக்கம், இன்று தீப்பிடித்தது என்று தொடங்குகிறது. நிஜத்தில் 2025 ஜனவரியில் பாசடீனாவை ஒட்டிய ஆல்டடீனா எரிந்தது. கறுப்பினக் குடும்பங்கள் பல தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்த ஊர் அது. 2006-இல் இறந்த பட்லரின் கல்லறையும் அங்கேதான். இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தித்தாளைக் கவனமாகப் படித்து, ஏழைகளின் தெருவில் நின்று கணக்குப் போட்டால் என்ன வருமோ அதைத்தான் அவர் எழுதினார். 2021-இல் நாசா, பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது.

நிறம் இல்லாத உலகிலும் அடிமை

பட்லருக்குப் பின் வந்தவர்களில் என். கே. ஜெமிசின் வேறொரு வழியில் போனார். அவருடைய 'தி ஃபிஃப்த் சீசன்' (2015) முற்றிலும் கற்பனையான நிலப்பரப்பு. அங்கே நிலநடுக்கம் ஓயாது. அதை அடக்கும் ஆற்றலோடு சிலர் பிறக்கிறார்கள். நாடே அவர்களால்தான் பிழைத்திருக்கிறது. ஆனாலும் அவர்களைக் கண்டால் ஊருக்கே பயம், வெறுப்பு. இழிவாகக் கூப்பிட ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குழந்தையிலேயே பிடித்துக்கொண்டுபோய், கையை உடைத்துக் கீழ்ப்படியப் பழக்குகிறார்கள். அந்த உலகில் ஆளும் இனம் வெள்ளை நிறம் கொண்டதும் அல்ல.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். நாயகி ஒரு கண்காணிப்பு நிலையத்துக்குப் போகிறாள். சுற்றுவட்டார நடுக்கங்களை அடக்கும் நிலையம் அது. அங்கே பணியில் இருப்பவர் யார் என்று பார்த்தால், கம்பிகளும் குழாய்களும் செருகிய நாற்காலியில் கட்டிப்போட்ட ஒரு குழந்தை. பேசவோ நகரவோ முடியாதபடி மூளையைச் சிதைத்து, ஆற்றலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அடிமைமுறையின் இலக்கணமே இதுதான்: மனிதர் வேண்டாம், அவர் உழைப்பு மட்டும் வேண்டும். கறுப்பு, வெள்ளை என்ற சொற்களை எடுத்துவிட்டு அந்த இலக்கணத்தை மட்டும் காட்டியதால், எந்த நாட்டு வாசகருக்கும் அது சுடுகிறது. இந்த முத்தொகுதியின் மூன்று நாவல்களுக்கும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து, அறிவியல் புனைகதைக்கான பெரிய விருதான ஹ்யூகோ கிடைத்தது. அதற்கு முன் யாருக்கும் அப்படிக் கிடைத்ததில்லை. சிறந்த நாவலுக்கான ஹ்யூகோவை வென்ற முதல் கறுப்பின எழுத்தாளரும் இவரே.

சட்டப் பேராசிரியர் டெரிக் பெல் 1992-இல் எழுதிய ஒரு கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். 2000 ஜனவரி 1 அன்று வேற்றுக்கிரகக் கப்பல்கள் அமெரிக்கக் கரையில் இறங்குகின்றன. கடனை அடைக்கத் தங்கம், மாசை நீக்கும் மருந்து, ஆபத்தில்லாத எரிசக்தி எல்லாம் தருகிறோம், பதிலாக உங்கள் கறுப்பின மக்கள் அனைவரையும் தாருங்கள் என்கிறார்கள். நாடு வாக்கெடுப்பு நடத்துகிறது. 70 சதவீதம் பேர் சரி என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளன்று, முன்னோர் வந்த அதே கோலத்தில், சங்கிலியோடு கப்பலேறுகிறார்கள். சட்டம் சொல்லித்தந்தவர் எழுதிய கதை என்பதால், வாக்கெடுப்பு முறைப்படி நடப்பதுதான் இதில் அச்சமூட்டுகிறது.

ஆனால் எல்லாம் துயரம் மட்டுமல்ல. 1803-இல் ஜார்ஜியா கரையோரம், கப்பலில் வந்த இக்போ மக்கள் அடிமையாக வாழ மறுத்துத் தண்ணீருக்குள் நடந்துபோனார்கள். வாய்மொழிக் கதைகளில் அவர்கள் சாகவில்லை. பறந்து ஊருக்கே திரும்பிவிட்டார்கள். ரிவர்ஸ் சாலமன் 2019-இல் எழுதிய 'தி டீப்' குறுநாவலில், கப்பலிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் நீருக்குள் மூச்சுவிடக் கற்று ஓர் இனமாகவே வாழ்கிறார்கள். பாட்டி வாய்வழி சொன்ன கதையும் புத்தகக் கடையில் கிடைக்கும் நாவலும் இங்கே ஒரே குடும்பம்.

குழம்ப வேண்டாத ஓர் இடம்

ஆப்பிரிக்க-அமெரிக்கர் வேறு, ஆப்பிரிக்கர் வேறு. நைஜீரியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த நெடி ஒகோராஃபோர், தன் எழுத்தை ஆஃப்ரோஃபியூச்சரிசம் என்று சொல்லாதீர்கள் என்று 2019-இல் தெளிவாக எழுதினார். தன் கதைகளின் மையம் ஆப்பிரிக்க மண், அமெரிக்கா அல்ல என்பதால் 'ஆப்பிரிக்கன்ஃபியூச்சரிசம்' என்று தனிப் பெயர் வைத்தார். நியாயமான வேறுபாடு. கடத்தப்பட்டவர்களின் கதையும், ஊரிலேயே இருந்தவர்களின் கதையும் ஒன்றாக இருக்க முடியாது.

எதை முதலில் எடுப்பது?

'தி காமெட்'. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆங்கிலம் சற்றுப் பழையது, ஆனால் உணவக மேசைக் காட்சிக்கு அகராதி தேவைப்படாது. அடுத்து 'கிண்ட்ரெட்'. எளிய, நேரான மொழி; இந்த வகையை இதுவரை தொடாதவர்களும் முடித்துவிடுவார்கள். இரவில் தொடங்க வேண்டாம் என்று மட்டும் சொல்வேன், நடுவில் வைக்க முடியாது. ஜெமிசின் மூன்றாவதாக இருக்கட்டும். முதல் 50 பக்கம் புதுச் சொற்கள் முட்டும், நாயகியை 'நீ' என்று அழைத்துக் கதை சொல்லும் முறையும் புதிதாக இருக்கும், பொறுத்துக்கொண்டு போங்கள். டிலேனியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.

கிண்ட்ரெட் முடித்த கையோடு, அந்த 1860 தாள்களில் மேரிலாந்து மாநிலத்துடையது ஒன்றைத் திறந்து பாருங்கள். வயது 8, பெண், கலப்பு நிறம் என்று எங்காவது ஒரு வரி இருக்கும்.